தாய்மாமன் சீரில் ஒரு சிம் இல்லாத போன்

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான் ஒருவன்தான். மொத்தக் கடை ஒன்றில் பில் போடுகிற வேலை. ஆனால் மதுரை செல்லூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு டிவி ரிமோட் முதல் கேஸ் புக்கிங் வரை நான்தான் எஞ்சினியர். அதனால் மருமகளுக்கு முழுப்பரீட்சை லீவு விட்டதும் அக்கா கூப்பிட்டது ஒன்றும் ஆச்சரியமில்லை.

"பீரோக்குள்ள என் பழைய போன் சும்மாதான்டா கெடக்கு. பிள்ளைக்கு செட் பண்ணிக் குடு. சிம்மெல்லாம் வேணாம். சிம் இல்லாட்டி ஒரு வம்பும் வராதுல்ல?"

காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்தவன் நான். எட்டு வயது மருமகள் புதுப் போன் கேட்காமல் பழையதோடு விட்டதே பெரிய விஷயம் என்று வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வேலையை ஆரம்பித்துவிட்டார். ஏதோ வீடியோவைப் பார்த்து வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அமுக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து முடித்திருந்தார். வாசல் தெளித்தவர் கோலம் போடக் கூப்பிடுவதுபோல, "மாப்ள, சுத்தமா கழுவி வச்சுட்டேன். இனி நீங்க பாத்துக்கங்க" என்று நீட்டினார்.

நான் முதலில் போனை மேசைமேல் மல்லாக்க வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். பம்பரமாகச் சுற்றினால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம்; அப்படிப்பட்டதைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. சுற்றவில்லை. சரி, இதில் தப்பித்தோம்.

அடுத்ததில் மாட்டினோம். செட்டிங்ஸுக்குள் போய் கூகுள் கணக்கை எடுத்துவிட்டு அழித்தால் ஒரு தொல்லையும் கிடையாது. பட்டனை அமுக்கி அழித்தால் போன் நம்மைத் திருடனாகவே நினைத்துக்கொள்ளும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 காலத்திலிருந்தே இந்தப் பூட்டு இருக்கிறது. முன்பு அதில் இருந்த கணக்கைச் சொன்னால்தான் உள்ளே விடும்.

"பாஸ்வேர்டா? நான் எப்படா பாஸ்வேர்டு போட்டேன்?" என்றாள் அக்கா. மறந்துவிட்டது என்று அமுக்கினால், எப்போதோ கைவிட்ட பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்கிறது. வீடே யோசித்தது. கடைசியில் மாமாவின் அம்மாதான், "மளிகை நோட்டுல என்னமோ இங்கிலீசுல கிறுக்கி வச்சியேடி" என்று எடுத்துக் கொடுத்தார்.

அத்தை சொன்னது சரி. துவரம்பருப்பு ஒரு கிலோவுக்கும் கடுகு நூறுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு வரி. கடைசி எண்ணின்மேல் மட்டும் மஞ்சள் கறை. ஆறா, எட்டா? அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்து எழுத்தாகச் சத்தம் போட்டு வாசித்தாள். எதிர்வீட்டு அக்கா அங்கிட்டிருந்தே குரல் கொடுத்தார்: "எட்டாத்தான் இருக்கும். பாப்பா பொறந்தது எட்டாந்தேதிதான?"

எட்டுதான். பூட்டு திறந்தது. அன்றைக்கே அந்தப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். அக்கா புதியதையும் அதே பக்கத்தில் உளுந்துக்குக் கீழே எழுதிக்கொண்டாள்.

அதன் பிறகு அக்கா கணக்கை முறையாக எடுத்துவிட்டு, மருமகள் பேரில் ஒரு கணக்கு. 13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றவர்கள் கணக்கோடு சேர்த்துத்தான் திறக்க முடியும். அக்கா போனில் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டேன். பிள்ளை என்ன ஆப் கேட்டாலும் அனுமதி கேட்டு அக்கா போனுக்கு வரும். ராத்திரி எட்டரைக்கு போன் தானாகப் பூட்டிக்கொள்ளும். மாமாவுக்குப் பணத்தைப் பற்றித்தான் பயம். யூபிஐ ஆப் எல்லாம் சிம்மிலிருந்து மெசேஜ் போனால்தான் பதிவாகும், சிம்மே இல்லாததில் அந்த வேலை நடக்காது என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. பூட்டின திரையிலும் எமர்ஜென்சி பட்டன் இருக்கும், 112க்கு விளையாட்டுக்குக்கூடப் போடக் கூடாது என்று மருமகளிடம் அழகர் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் மாட்டியது மாமா. டிவியில் அத்தையின் சீரியல், தன் போனில் சார்ஜ் இல்லை என்பதால், மகள் போனில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆப்பையும் மகள் பேரிலேயே விண்ணப்பம் போட்டு வாங்கி வைத்திருந்தார் என்பது தனிக் கதை. சென்னை ஆடுகிறது, ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம், மணி எட்டரை. திரை இருண்டு, தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று ஒரு அறிவிப்பு. "ஏய், ஒரு பத்து நிமிசம் குடு!" என்று அடுப்படிக்கு ஓடியிருக்கிறார். அக்கா தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே, "பிள்ளைக்குச் சட்டம்னா அப்பனுக்கும் சட்டந்தான்" என்று சொல்லிவிட்டாளாம். இதை எனக்குச் சொன்னது மருமகள். சிரித்துக்கொண்டே வேறு சொன்னாள்.

ஆனால் பெரிய வம்பு வாட்ஸப்பில்தான் வந்தது. துபாயில் இருக்கும் சின்ன மகனை அத்தைக்கு அடிக்கடி பார்க்க வேண்டும். வாட்ஸப்புக்கு நம்பர் வேண்டும், இந்தப் போனுக்கோ நம்பர் கிடையாது. 2023 முதல் ஒரே கணக்கை வேறு நாலு கருவிகள் வரைக்கும், இன்னொரு போனிலும்கூட, இணைத்துக்கொள்ளலாம். இதை எங்கேயோ தெரிந்துகொண்ட மாமா, என்னைக் கேட்காமல் தன் வாட்ஸப்பை மகள் போனில் இணைத்துவிட்டார். அத்தைக்குச் சந்தோஷம். மருமகளுக்கு அதைவிட. அன்றுமுதல் அப்பாவுக்கு வருகிற மெசேஜெல்லாம் வீட்டில் சத்தமாக வாசிக்கப்பட்டன. "அப்பா, சீட்டுக்காரர் ரெண்டு மாசப் பாக்கின்னு போட்டுருக்காரு." "ஞாயித்துக்கிழமை கொடைக்கானல், வீட்ல சொல்லாதன்னு போட்டுருக்கு. வீடுன்னா அம்மாவாப்பா?"

கொடைக்கானல் அதோடு நின்றது.

பங்காளிகள் குழு ஒன்று உண்டு. பாண்டி கோவிலில் இந்த வருசக் கிடாவெட்டுக்குக் கிடா யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்க, குழுவே வாயைத் திறக்காமல் கிடந்திருக்கிறது. கும்பிடு போடுகிறவர்கள், குட்மார்னிங் போடுகிறவர்கள் எல்லாரும் மாயம். பெரியப்பா ஒருவர் திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கே போய், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு கருங்கிடாவைப் படம் பிடித்துப் போட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

மருமகள் கீபோர்டில் இருக்கும் மைக்கை அமுக்கி, "எனக்கு எனக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அது அட்சரம் பிசகாமல் தமிழில் எழுத்தாகி, மாமா பேரில் குழுவில் போய் விழுந்தது.

அவ்வளவு நாள் செத்துக் கிடந்த குழு உயிர்த்தெழுந்தது. வாழ்த்துகள் அண்ணே, உங்களுக்குத்தான் அந்த மனசு, போன வருசமே நினைச்சேன், என்று வரிசையாக. மாமா அந்தக் குழுவை ஒலியடக்கி வைத்திருந்ததால் அவருக்கு எதுவும் தெரியாது. எல்லாருக்குமாக அழிக்க இரண்டு நாளும் கொஞ்சமும்தான் கெடு. அவர் பார்த்தபோது கெடுவும் போயிருந்தது, பெரியப்பா முன்பணமும் கொடுத்திருந்தார்.

"பிள்ளை தெரியாம போட்டதுன்னு சொல்லிரலாம் மாமா" என்றேன் நான். "யாருக்கு? பங்காளிக்கா, பாண்டி முனிக்கா?" என்று அத்தை குறுக்கே வந்தார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. மாமா பணத்தை எண்ணினார்.

கிடா வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்தது தெரிந்தது. மருமகள் "எனக்கு" என்று கேட்டது வளர்ப்பதற்கு. வெட்டுவதற்கு என்று தெரிந்ததும் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா மறுபடி ஜன்னலுக்கு வந்துவிட்டார். முனிக்குக் கொடுத்த வாக்கும் மாற முடியாது, பிள்ளை அழுவதும் நிற்கவில்லை. மறு வெள்ளிக்கிழமை மாமா திருமங்கலம் போய் இன்னொரு கிடா பிடித்து வந்தார். இரண்டாவதற்கான பணத்தில் பாதி என் கணக்கு. "போன் செட் பண்ணுனது நீங்கதான மாப்ள" என்றார். வாட்ஸப்பை இணைத்தது யார் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தாய்மாமன் கேட்கலாமா?

கறிச்சோறு நன்றாக இருந்தது. மாமா தன் வாட்ஸப்பில் இணைத்த கருவிகள் பட்டியலுக்குப் போய் மகள் போனை அன்றைக்கே வெளியேற்றிவிட்டார்.

முதல் கிடா இப்போது மொட்டை மாடியில் இருக்கிறது. போன வாரம் அது படியிறங்கி வந்து போன் சார்ஜர் வயரைத் தின்றுவிட்டதாம். புது சார்ஜர் வாங்கி வரச் சொல்லி அக்கா கூப்பிட்டாள். மீனாட்சி பஜாரில் வாங்கிக்கொண்டிருக்கும்போது திரும்பவும் அவளே கூப்பிட்டு, வருகிற வழியில் ஒரு கட்டு அகத்திக்கீரையும் வாங்கி வரச் சொன்னாள்.