டேங்க் மூடியைத் திறந்தால் வரும் வாசனை

டீசல் வண்டியில் இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். முப்பது வருடப் பழக்கம். பழங்காநத்தம் பக்கம் இருக்கும் என் பட்டறைக்கு முதல்முறை வருகிறவர்கள் சிரிப்பார்கள். "என்னண்ணே, சாம்பார் கொதிச்சிருச்சான்னு பாக்குற மாதிரி பாக்குறீங்க" என்று ஒரு டிரைவர் கேட்டார். சீமெண்ணெய் கலந்திருந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறும். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கிற டூ-டி ஆயில் ஊற்றியிருந்தால் பழைய ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருக்கும். கழித்த இன்ஜின் ஆயில் என்றால் மூக்கே வேண்டாம், விரலை நனைத்தால் போதும்.

வண்டிக்காரர்கள் இதை லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாட்டு மருந்து சாப்பிட்டதை டாக்டரிடம் மறைப்பது மாதிரி மறைப்பார்கள். "ஒண்ணுமே ஊத்தலண்ணே, பங்க்ல போட்ட டீசல்தான்" என்பார்கள். நான் விரலை நீட்டியதும், "ஒரே ஒரு மூடி, அதுவும் எப்பவாச்சும்" என்று இறங்கி வருவார்கள்.

நான் தொழில் பழகியது 1992ல், தெற்குவாசல் பக்கம் ஒரு பம்ப் கடையில். முதல் ஆறு மாதம், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழுவுகிற வேலை மட்டும்தான். அப்புறம் ஒரு நாள் மேஸ்திரி ஒரு எலிமென்ட்டைக் கையில் கொடுத்தார். பம்புக்குள் டீசலை அழுத்துகிற பிளஞ்சர் என்கிற சின்னத் தண்டும், அது ஓடுகிற பேரல் என்கிற குழாயும் சேர்ந்ததுதான் எலிமென்ட். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. "மேல தொடாத, வேர்வை பட்டா துரு புடிக்கும், வாலைப் புடி" என்றார். பிளஞ்சரைச் சுத்தமான டீசலில் நனைத்து, பேரலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். கையை விட்டதும் அது விழவில்லை. தன் எடைக்கு மெதுவாக, எண்ணெயில் வாழைப்பழம் வழுக்குகிற மாதிரி இறங்கியது. பாதியில் நின்றால் எங்கோ கீறல், சட்டென்று விழுந்தால் தேய்மானம். பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் பருமனே எழுபது மைக்ரான் வரும். அந்தச் சந்துக்குள் கிரீஸும் போகாது, இன்ஜின் ஆயிலும் போகாது. அங்கே எண்ணெய் வேலையைப் பார்ப்பதும் டீசல்தான்.

எங்கள் ஊரில் டீசலுக்குள் எண்ணெய் ஊற்றுகிற பழக்கம் முழுக்க இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்ததுதான். லாரி, டிராக்டரில் இருக்கும் பழைய லைன் பம்பில் கீழே, பிளஞ்சரை மேலே தள்ளுகிற கேம் ஓடுகிற பெட்டிக்குத் தனியாக இன்ஜின் ஆயில் உண்டு. மேலே எலிமென்ட்டுக்கு மட்டும்தான் டீசல். அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ரோட்டரி பம்ப் அப்படி இல்லை. உள்ளே சுற்றுகிற ரோலர், கேம் பிளேட், எல்லாமே டீசலில்தான் நனைந்து ஓட வேண்டும். டீசல் வறண்டால், அதாவது அதன் வழுவழுப்பு போனால், அதற்கு வேறு கதி கிடையாது.

வறட்சி எங்களுக்கு முதலில் வந்தது சீமெண்ணெய் வழியாக. ஷேர் ஆட்டோவும் மினி பஸ்ஸும் பெருகிய காலம். ரேஷன் சீமெண்ணெய் நீல நிறம், டீசலில் கலந்தாலும் ஒரு சாயல் தெரியும். சிலர் பாதிக்குப் பாதி ஊற்றினார்கள். சீமெண்ணெய் மெலிசு, வழுவழுப்பும் கம்மி. ஆறே மாதத்தில் பம்ப் தேய்ந்து, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டு வருவார்கள். அதைச் சரிக்கட்டத்தான் லிட்டர் கணக்கில் டூ-டி ஆயில். ஒரு திருட்டை மறைக்க இன்னொரு செலவு. ஆனாலும் சொல்லியாக வேண்டும், அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. சீமெண்ணெய் மட்டும் ஓடிய எலிமென்ட்டையும், ஆயில் சேர்த்து ஓடிய எலிமென்ட்டையும் லென்ஸில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கொஞ்சம் தேவலாம்.

அப்புறம் கந்தகத்தின் கதை வந்தது. நான் தொழிலுக்கு வந்தபோது நம்ம ஊர் டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்றுதான் விதி. அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். வண்டிப் புகைக்கான அரசு விதியான பிஎஸ்-3ல் பத்து லட்சத்துக்கு 350 பங்கு, 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4 வந்தபோது 50, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது 10. பட்டறைக்குப் பட்டறை ஒரே பேச்சு: "கந்தகம் போச்சு, வழுவழுப்பும் போச்சு, இனிமே எண்ணெய் ஊத்தாட்டி பம்பு காலி." நானும் அதைத்தான் சொன்னேன். எத்தனை பேரிடம் சொன்னேனோ.

அது பாதி உண்மை. கந்தகம் ஒன்றும் எண்ணெய் இல்லை. ஆலையில் அதை நீக்க டீசலை மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். அப்போது, ஆக்சிஜனும் நைட்ரஜனும் கலந்த வேறு சில பொருட்களும் கூடவே போய்விடுகின்றன. இரும்பில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாக நின்றவை அவைதான். ஸ்வீடனில் 1991ல் இந்த மாதிரி சுத்தமான டீசலைக் கொண்டுவந்தபோது ரோட்டரி பம்புகள் வரிசையாகப் படுத்தன. ஆலைக்காரர்கள் அப்போதே பாடம் கற்றுக்கொண்டார்கள். இப்போது பெட்ரோல் பங்க்குக்கு வருவதற்கு முன்பே டீசலில் வழுவழுப்புக்கான மருந்து சேர்க்கிறார்கள். அதற்கு ஒரு சோதனையும் இருக்கிறது. ஆறு மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றை, 60 டிகிரி சூட்டில் டீசலுக்குள் ஒரு தகட்டின்மேல் வினாடிக்கு 50 தடவை என்று 75 நிமிடம் தேய்க்கிறார்கள். குண்டில் விழுந்த தழும்பை மைக்ராஸ்கோப்பில் அளக்கிறார்கள். நம் நாட்டு விதிப்படி 460 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் லென்ஸ் வைத்துத் தழும்பு பார்க்கிற அதே வேலைதான், அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

இது எனக்குத் தெரிய வந்தபோது ஒரு சங்கடமும் சேர்ந்து வந்தது. சோழவந்தானிலிருந்து தேங்காய் ஏற்றுகிற ஒரு மினி லாரிக்காரர் என்னிடம் வாடிக்கை. வண்டி சத்தம் போடுகிறது என்று வந்தார். 200 லிட்டருக்கு 1 லிட்டர் டூ-டி ஆயில் ஊற்றுங்கள் என்றேன். பத்து நாளில் போன் பண்ணினார். "அண்ணே, வண்டி பஞ்சு மாதிரி போகுது. மைலேஜும் ஏறிருச்சு." எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரைக் காட்டியே இன்னும் நாலைந்து பேருக்குச் சொன்னேன். ஒரு வருடம் கழித்து ஒரு பில்லைத் தேடுவதற்காகப் பழைய ஜாப் கார்டைப் புரட்டினேன். அதே நாளில் நான் அந்த வண்டிக்கு டீசல் ஃபில்டர் இரண்டும் மாற்றியிருக்கிறேன், நாசில் பிரஷர் வைத்திருக்கிறேன், டைமிங்கும் பார்த்திருக்கிறேன். பஞ்சு மாதிரி ஓடாமல் என்ன செய்யும்? கூப்பிட்டு, ரெண்டு மாசம் ஆயில் ஊற்றாமல் ஓட்டிப் பாருங்கள் என்றேன். ஓட்டினார். ஒரு வித்தியாசமும் இல்லை என்றார், கொஞ்சம் ஏமாற்றமான குரலில். எனக்கும் ஏமாற்றம்தான்.

கையால் எதையாவது ஊற்றினால் வண்டிக்கு நல்லது செய்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. ஃபில்டர் மாற்றினால் அந்தத் திருப்தி வருவதில்லை, செலவு செய்த எரிச்சல்தான் வருகிறது.

கழித்த ஆயில் ஊற்றுகிறவர்கள் வேறு ரகம். அது சிக்கனத்தில் செய்வது. வாடிப்பட்டிப் பக்கத்து டிராக்டர்காரர் ஒருவர் இன்ஜினிலிருந்து இறக்கின ஆயிலை வேட்டித் துணியில் வடிகட்டி அப்படியே டேங்கில் ஊற்றிவிடுவார். வேட்டியின் நூல் சந்து எங்கே, இரண்டு மைக்ரான் எங்கே. இரும்புத் தூள், கரி, எல்லாம் சேர்ந்து உள்ளே போகும். அவர் நாசிலை டெஸ்டரில் போட்டு நெம்புகோலை அழுத்தினேன். நல்ல நாசில் 'கிர்ர்' என்று சத்தம் போட்டுப் புகை மாதிரி அடிக்கும். இது நுனியில் சொட்டு கட்டி ஒழுகியது. நுனியைச் சுற்றி மிளகு மாதிரி கரிக்கட்டி. "டீசல் விக்கிற விலைக்கு நாலு லிட்டர் மிச்சம்லப்பா" என்றார். நாலு நாசில் விலையைச் சொன்னேன். பேசவில்லை.

ஒருவர் கடலை எண்ணெயே ஊற்றிக் கொண்டுவந்தார். திட்ட வாயெடுத்தேன், ஆனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1900ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில்தான் ஓட்டிக் காட்டினார்கள். தாவர எண்ணெயிலிருந்து முறையாகத் தயாரித்த பயோடீசலை நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்த்தாலே டீசலின் வழுவழுப்பு நன்றாகக் கூடும். ஆனால் செக்கு எண்ணெய் பயோடீசல் ஆகாது. சூட்டில் பிசின் மாதிரி கட்டிப்போய் அவர் வண்டி நாசில் ஊசி நகரவே இல்லை. பட்டறையில் அன்றைக்கு முழுக்க வடை சுடுகிற வாசனை.

லென்ஸை வைத்து இத்தனை வருடம் பார்த்ததில் வறட்சியால் செத்த பம்பைவிட அழுக்கால், தண்ணீரால் செத்த பம்ப்தான் அதிகம். வறண்டு தேய்ந்தால் பிளஞ்சர் மேலே மங்கலாகப் பட்டை அடித்த மாதிரி இருக்கும். தூசி போனால் நேர்கோட்டில் கீறல், நகம் வைத்தால் தட்டும். தண்ணீர் போனால் பழுப்பாகப் புள்ளி. அறுவடை மெஷின்கள் சீசனுக்கு வயலிலேயே நிற்கும். வைக்கோல் தூசி பறக்கிற இடத்தில் டீசல் பேரலைத் திறந்து வைத்து, கைப்பம்பு போட்டு ஊற்றுவார்கள். ராத்திரி பனியில் பேரலுக்குள் தண்ணீர் கோத்து அடியில் நிற்கும். எலிமென்ட்டில் இருப்பதும் பேரல், வயலில் நிற்பதும் பேரல். இந்தப் பேரலின் ஆயுசை அந்தப் பேரல்தான் எழுதுகிறது. அடியில் நாலு விரல் டீசலை விட்டுவிடுங்கள், வாட்டர் செப்பரேட்டரைத் தினமும் திறந்து வடியுங்கள் என்று சொன்னால் யாரும் குறித்துக்கொள்வதில்லை. எந்த ஆயில் நல்லது என்று கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொன்னால் சரியாக இருக்காது.

மூன்று வருடத்துக்கு முன்னால் காய்கறி லோடு அடிக்கிற ஒரு தம்பி பழைய வண்டியை விற்றுவிட்டுப் புது பிஎஸ்-6 வண்டி எடுத்தான். மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து ஊருக்குள் கடைகளுக்கு இறக்குவான். டீக்கடையில் பார்த்தபோது, "அண்ணே, இதுக்கும் ஆயில் ஊத்தலாமா?" என்று கேட்டான். நான் கையில் கிளாஸோடு, "ஊத்துனா நல்லதுதான்டா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எந்த ஆயில், எவ்வளவு, எதுவும் சொல்லவில்லை. அந்த வண்டியில் புகையை வடிகட்டுகிற டிபிஎஃப் இருக்கிறது என்பதை யோசிக்கவும் இல்லை.

அவன் வீட்டில் மிச்சமிருந்த இன்ஜின் ஆயிலை ஒவ்வொரு ஃபுல் டேங்குக்கும் அரை லிட்டர் ஊற்றியிருக்கிறான். இன்ஜின் ஆயிலில் கால்சியம், துத்தநாகம் சேர்ந்த மருந்துகள் உண்டு. இன்ஜினின் அடிப்பெட்டியான கிரான்க் கேஸில் அவை நல்லதைச் செய்யும். எரிந்தால் சாம்பல். டிபிஎஃபில் சேர்கிற கரியை வண்டியே சூடேற்றி எரித்துக்கொள்ளும், சாம்பலை எரிக்க முடியாது. அது உள்ளே போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். டிபிஎஃப் அடைப்பைக் காட்டுகிற எச்சரிக்கை விளக்கு எரிந்தது, கரியை எரித்துச் சுத்தம் செய்தார்கள், பத்து நாளில் மறுபடி எரிந்தது. இழுவை போய்விட்டது. சர்வீஸில் கழற்றித் தனியாகக் கழுவ அனுப்பினார்கள். பதினைந்து நாள் லோடு இல்லை. ஊருக்குள் நின்று நின்று ஓடியதும் ஒரு காரணம் என்று சர்வீஸ் மேனேஜர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் அவன் என்னிடம் கேட்டுத்தான் ஊற்றினான்.

பட்டறைக்கு வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. மிச்சமிருந்த ஆயில் கேனை பெஞ்சில் வைத்துவிட்டு, "இத நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்றான். கழுவின செலவில் பாதியை நான் கொடுக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். போகும்போது நானே கூட நடந்து போய் அவன் வண்டியின் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். சுத்தமான டீசல். அவன் சிரித்தான்.

அந்த கேன் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஷட்டர் பூட்டு இறுகும்போது இரண்டு சொட்டு விடுவேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது.