பிடிக்கலை, ஆனாலும்

"இவனை ரசிக்கவும் முடியல, வெறுக்கவும் முடியல மாமா" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள்.

திரையில் 'முள்ளும் மலரும்' காளி. 1978-ல் வந்த படம். இன்னும் ஆளைத் தொந்தரவு செய்கிறான்.

முன்கோபி. விஞ்ச் எனும் இழுவை வண்டியை இயக்கும் ஆபரேட்டர். மேலதிகாரியாக வந்த இன்ஜினியரைக் கண்டாலே ஆகாது. தங்கை வள்ளி என்றால் உயிர். அந்த உயிரான பாசம்தான், அதே இன்ஜினியரோடு நடக்கவிருக்கும் அவள் கல்யாணத்துக்கே குறுக்கே நிற்கிறது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். பாசம் தனி, முரட்டுத்தனம் தனி என்று இயக்குநர் மகேந்திரன் பங்கு பிரித்து வைக்கவில்லை. ஒரே வேரிலிருந்து இரண்டும் முளைக்கின்றன. தங்கையைத் தவிர தனக்கென்று எதுவும் இல்லாதவன், வேறு எப்படி நடந்துகொள்வான்?

அந்தக் கடைசிக் காட்சி! கல்யாணத்துக்குக் கூட வந்த ஊரையே விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வந்துவிடுகிறாள் வள்ளி. காளி ஜெயித்தாயிற்று. ஜெயித்த கையோடு அவளைக் கூட்டிப்போய் அந்த இன்ஜினியரிடமே ஒப்படைக்கிறான். அப்போதும், உங்களை எனக்கு இப்பவும் பிடிக்கலை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

திருந்திவிட்டான் என்று சுலபமாக முடித்திருக்கலாம். எத்தனை படங்களில் பார்க்கிறோம், கடைசி ரீலில் வில்லனுக்கும் ஒரு கண்ணீர், ஒரு மன்னிப்பு. (சின்ன வயதில் பட்ட கஷ்டம் ஒரு பிளாஷ்பேக்காக இருந்தால் இன்னும் வசதி.) ஆழம் என்று அதற்குப் பெயர் வேறு.

காளி அப்படியேதான் இருக்கிறான். தங்கைக்காக விட்டுக்கொடுக்கிறான், அவ்வளவே. அடுத்த வாரமே அந்த மாப்பிள்ளையோடு சண்டைக்கு நிற்கக்கூடிய ஆள்தான்.