செத்தது யார் என்று சொல்லாதீர்கள்

சிட்னியில் நான் வேலை பார்க்கும் பொது நூலகத்தில் மாதாமாதம் வாசிப்பு வட்டம் கூடும். நாற்காலி போடுவது, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பது, பேச்சு அறுந்தால் எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. ஆஸ்திரேலிய எழுத்தாளர் லியான் மோரியார்ட்டியின் ‘பிக் லிட்டில் லைஸ்’ (2014) நாவலை எடுத்த மாதம் எடுத்துக் கொடுக்கத் தேவையே இருக்கவில்லை.

கதை நடப்பது இதே ஊரின் வடக்குக் கடற்கரைப் பக்கம், பிரிவீ என்ற கற்பனைப் பகுதியில். 2017-இல் தொலைக்காட்சித் தொடரானபோது அதை கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பள்ளியில் சேர வந்த பையன் ஒரு சிறுமியின் கழுத்தை நெரித்தான் என்று புகார். தாய்மார்கள் இரண்டு கட்சியாகிறார்கள். வினாடி வினா இரவில் ஒரு சாவு விழுகிறது. செத்தது யார் என்பதையே கடைசிவரை மறைத்திருக்கிறார். அதனால் வட்டத்தில் ஒரே விதி: முடிக்காதவர் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது.

மர்மத்தைவிட எனக்குப் பிடித்தது இடையிடையே வரும் அக்கம்பக்கத்துப் பேச்சு. பெற்றோர்கள் ஆளுக்கு இரண்டு வரி சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எந்த வீட்டில் அடி விழுகிறது என்பது மட்டும் தெரியாது. கணவனிடம் அடி வாங்கும் செலஸ்ட் வக்கீலாக இருந்தவள், பணக்காரன் மனைவி. ஊரே பொறாமைப்படும் குடும்பம்.

“படித்தவள்தானே, கிளம்பிப் போக வேண்டியதுதானே?” என்றார் ஒருவர். பல தலைகள் ஆடின. நாவலின் பெற்றோர் கூட்டமே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நடத்துகிறவர் கருத்துச் சொல்வது வழக்கமில்லை. சரி, புத்தகமே பேசட்டும் என்று செலஸ்ட் போய்ப் பார்க்கும் ஆலோசகர் வரும் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். இப்போதே போய்விடு என்று அவர் சொல்வதில்லை. ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தயாராக வைத்துக்கொள் என்கிறார். செலஸ்ட் ரகசியமாக அதைச் செய்கிறாள்.

“கிளம்ப இத்தனை ஏற்பாடா?” என்றார் அதே ஆள். அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது: சம்பளம் யார் கணக்குக்குப் போகிறது, பிள்ளைகளை யாரிடம் விடுவது, மனைவியின் போனை நோண்டும் கணவன். துணையை இப்படி அடக்கி ஆள்வது 2024 ஜூலையிலிருந்து எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் தனிக் குற்றம் என்று ஒருவர் எடுத்துச் சொன்னார்.

எங்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் 1800 737 732 என்ற குடும்ப வன்முறை உதவி எண் ஒட்டியிருக்கிறது. கணவன் கூடவே வர முடியாத இடம் என்பதால்தான் அங்கே ஒட்டினோம். பல வருடமாக வருகிறவர்களே அதைக் கவனித்ததில்லையாம்.