அப்பா பெயரில் ஒரு ழ

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் எங்கள் ஊர். சர்க்கார் கேரளம், பேச்சு தமிழ். பத்தாவது வரை கேரளப் பாடத்தைத் தமிழ் மீடியத்தில் படித்தேன். அப்புறம் செக்போஸ்ட்டைத் தாண்டி கோயம்புத்தூரில் ஐடிஐ, எலக்ட்ரீஷியன் டிரேடு. அங்கேயே ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் எட்டு வருஷம் வேலை. எங்கள் பக்கத்தில் நிறைய பேருக்கு இப்படித்தான். ரேஷன் கார்டு இந்தப் பக்கம், சம்பளம் அந்தப் பக்கம்.

சவுதிக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போவதற்காக 2024 ஜனவரியில் அலைய ஆரம்பித்து, செப்டம்பரில்தான் விமானம் ஏறினேன். அதில் நாலு மாசத்துக்கு மேல் தின்றது ஒரே ஒரு எழுத்து. எல்லையோரத்துப் பையன்கள் பலருக்கும் இதே சிக்கல் வரும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கொச்சியில் லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனி தம்மாமுக்கு ஆள் எடுத்தது. நேர்காணலில் தேறிவிட்டேன். பேப்பர் சரிபார்க்க உட்கார்ந்திருந்த அக்கா என் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது: எமிகிரேஷன் செக் ரிக்வயர்ட். சுருக்கமாக ஈசிஆர். சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசு அனுமதி எடுக்க வேண்டும் என்று அர்த்தம். ஒன்பது வருஷமாக அந்த பாஸ்போர்ட் என் பெட்டியில் கிடக்கிறது, ஒருநாளும் அந்த வரியை நான் வாசித்ததில்லை.

"தம்பி, நீங்க பத்தாவது பாஸ்தானே? அப்புறம் எப்படி இது ஈசிஆர் ஆச்சு?" என்று கேட்டார்.

எப்படி ஆனது என்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில் யோசித்ததும் விளங்கியது. 2015-ல், ஐடிஐ படிக்கும்போது, ஒரு ஏஜென்ட் மூலம் பாஸ்போர்ட் எடுத்தேன். அவர் என் பேப்பர்களைப் பார்த்துவிட்டு, "பத்தாவது சர்ட்டிபிகேட் வேண்டாம், பேர் இடிக்குது, இல்லாமலே போட்டுடலாம்" என்றார். நானும் சரி என்றேன். பத்தாவது தேறியதற்கான சான்று வைக்காததால் ஈசிஆர் என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பெயர் எங்கே இடித்தது என்றால், அப்பா பெயரில் ஒரு ழ இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மலையாள டீச்சர் அதை ஆங்கிலத்தில் இசட், எச் என்று எழுதினார். கேரளத்தில் ழ வந்தால் அப்படித்தான் எழுதுவார்கள், எங்கள் கொழிஞ்சாம்பாறை போர்டிலும் இசட்-எச்தான். கோவை ஐடிஐயில் கிளார்க் அதையே எல் என்று போட்டார். தமிழ்நாட்டில் பழனியைப் பழகிய கைக்கு எல்தான் வரும். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. கோவையில் எடுத்த ஆதாரில் எல், அதை வைத்து எடுத்த பாஸ்போர்ட்டிலும் எல். பத்தாவது சான்றான எஸ்எஸ்எல்சி புக்கில் மட்டும் இசட்-எச். போதாததற்கு புக்கில் என் பெயருக்குப் பின்னால் வெறும் இனிஷியல், அப்பா பெயர் தனிக் கட்டத்தில். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து முழுப்பெயராகி, சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

ஈசிஆர் பாஸ்போர்ட் இருந்தால் போகவே முடியாது என்று ஊரில் சொல்வார்கள். அது தப்பு. சவுதி, குவைத், கத்தார், மலேசியா என்று 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது மட்டும் வெளியுறவு அமைச்சகத்தின் எமிகிரேட் இணையதளம் வழியாக கிளியரன்ஸ் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வழியில் முதலாளியின் விவரமும் வேலை ஒப்பந்தமும் பதிவாகும். அதோடு பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற இன்சூரன்ஸும் கட்டாயம்: இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். அதிகம் படிக்காதவர்களை ஏமாற்றி அனுப்பிவிடக் கூடாது என்பதற்கான வேலி அது. எனக்கு வேறு வழி இல்லாவிட்டால் அப்படியே போயிருப்பேன். ஆனால் பாஸ்போர்ட் எப்படியும் 2025-ல் முடியப் போகிறது. ஆறு மாசத்துக்கு மேல் செல்லுபடி இருந்தால்தான் விசாவுக்கு எடுப்பார்கள். ஆக மாற்றியே தீரவேண்டும். மாற்றும்போது பெயரையும் நேராக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எந்தப் பேப்பரை அச்சாணியாக வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு மாசம் நான் தப்பான பக்கமே யோசித்தேன். மூன்று பேப்பரில் எல் இருக்கிறதே, ஒரு எஸ்எஸ்எல்சி புக்கைத் திருத்தினால் போதுமே என்று நினைத்தேன். அக்ஷயா என்கிற கேரள இ-சேவை மையத்தில் இருந்த சேச்சிதான் தடுத்தார். எஸ்எஸ்எல்சி புக்கில் கை வைப்பது பெரிய வேலை, மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும் என்றார். அந்தப் பேச்சுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன். முதலில் ஆதாரில் பெயரைத் திருத்தினேன். ஆதாரில் பெயர் திருத்த வாழ்நாளில் இரண்டு முறைதான் வாய்ப்பு. அதனால் புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொன்னேன்.

மாறப்போகிற பாஸ்போர்ட்டை விட்டால், ஐடிஐ சான்றிதழில் மட்டும் எல் மிச்சம். அதற்குத்தான் வில்லேஜ் ஆபீஸில் தரும் ஒன் அண்ட் த சேம் சர்டிபிகேட். இரண்டு விதமாக எழுதியிருக்கும் பெயர் ஒரே ஆளுடையதுதான் என்று வில்லேஜ் ஆபீசர் எழுதித் தரும் தாள் அது. அக்ஷயாவில் விண்ணப்பம் போட்டு, ரேஷன் கார்டு, எஸ்எஸ்எல்சி புக், ஐடிஐ சான்று, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு அப்பாவையும் கூட்டிப் போனேன். ஆபீசர் மலையாளி, வயசானவர். இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பேனா மூடியால் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ழ வந்த இடத்தில் பேனா நின்றது. அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "பேரு பறயூ" என்றார். பெயரைச் சொல்லச் சொல்கிறார். அப்பா ஆபீஸ் என்றாலே குரல் தாழ்ந்துபோகிற மனுஷர். அன்றைக்கு நாக்கை நன்றாக மடித்து, அந்த ழ தெளிவாக விழும்படி சொன்னார். ஆபீசரும் அதே ழவோடு ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ரண்டும் ஒந்நு தன்னே" என்று சொல்லி எழுத ஆரம்பித்தார். இரண்டும் ஒன்றுதான். தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிற அந்த எழுத்து ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் இரண்டாக உடைகிறது.

அப்புறம் பாஸ்போர்ட் ரீஇஷ்யூ. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். தத்கால் என்றால் மேலே இன்னும் 2,000. நான் சாதாரணத்திலேயே போட்டேன். பாலக்காட்டுப் போஸ்ட் ஆபீஸில் உள்ள சேவை மையத்தில் எஸ்எஸ்எல்சி புக்கின் அசலையே காட்டினேன். பெயர்த் திருத்தம், ஈசிஆர் நீக்கம் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டேன். போலீஸ் வெரிஃபிகேஷன் வரும் வாரத்தில் பட்டறையில் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தேன். வாரம் முழுக்க கோவையில் ரூம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போலீஸ் விசாரிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளந்தியாக "அவன் இங்கே இல்லீங்க, கோயமுத்தூர்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டால் ரிப்போர்ட் பாதகமாகப் போகலாம். பாஸ்போர்ட் வந்தபோது மே மாசம். முதல் பேட்ச் கிளம்பிவிட்டது. என்னை அடுத்த பேட்ச்சில் வைத்திருப்பதாக அந்த அக்கா சொன்னார்.

இந்த இடைவெளியில்தான் ஒரு ஆபத்து வந்தது. ஊருக்கு அடிக்கடி வரும் ஒரு தரகர், "ஒரு மாசத்துல ஏத்திவிடறேன், ஃப்ரீ விசா" என்றார். ஃப்ரீ என்றதும் இலவசம் என்று நினைக்க வேண்டாம். பேருக்கு ஒரு கஃபீல், அதாவது ஸ்பான்சர். வேலை நாமே வெளியில் தேடிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒன்றே கால் லட்சம் கேட்டார். விசாவில் தொழில் எலக்ட்ரீஷியன் அல்ல, சாதாரணக் கூலி. பட்டியலில் போலீஸ் கிளியரன்ஸுக்கு என்று தனியாகப் பணம் போட்டிருந்தார். சவுதி தூதரகம் 2022 நவம்பரிலேயே இந்தியர்களுக்கு அந்தச் சான்று வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. வேண்டியிருக்கிற நாடுகளுக்கும் பாஸ்போர்ட் ஆபீஸில் அதற்குக் கட்டணம் 500 ரூபாய்தான். ஸ்பான்சர் ஒருவர், வேலை வேறிடம் என்பது அங்கே சட்டவிரோதம். கஃபீல் ஒரு நாள் மனசு மாறி, ஓடிப்போனான் என்று ஹுரூப் பதிவு செய்துவிட்டால் பிடித்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஊரிலேயே ஒருவர் அப்படி வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். அவர் மனைவி கம்மலை அடகிலிருந்து மீட்க மூன்று வருஷம் கடலைக்காட்டில் களை வெட்டினார். அதை நான் கண்ணால் பார்த்தவன். அம்மாதான் தரகரிடம் பேசினார்: "வேண்டாஞ் சாமி, அவன் மெதுவாவே போவட்டும்."

சட்டப்படி லைசென்ஸ் உள்ள ஏஜென்ட், வேலைக்குப் போகிற ஒரு ஆளிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். எமிகிரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைப் போட்டால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதைப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும். தயவு செய்து பாருங்கள்.

ஜூனில் சென்னையில் ஸ்கில் டெஸ்ட். சவுதிக்குப் போகிற எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் போன்ற தொழில்களுக்கு எஸ்விபி என்ற இந்தத் தேர்வு தேறினால்தான் விசா. முதலில் கணினியில் கேள்விகள், பிறகு செய்முறை. பதிவு பாஸ்போர்ட் எண்ணில்தான். பழைய பாஸ்போர்ட்டில் எழுதியிருந்தால் மறுபடி சிக்கலாகியிருக்கும். செய்முறையில் எனக்கு ஒரு போர்டு வயரிங். எட்டு வருஷம் செய்த வேலைதான், ஆனால் பட்டறையில் அவசரத்துக்கு டெஸ்டர் வைக்காமல் கை வைத்துப் பழகிய பழக்கம். கிளவுஸ் போட்டு, சப்ளை ஆஃப் ஆகியிருக்கிறதா என்று சோதித்து, எர்த் கொடுத்து, பிறகுதான் மற்றது என்று முந்தின ஒரு வாரம் முழுக்க வீட்டில் ஒரு பலகையில் பழகினேன். மேற்பார்வையாளர் முதலில் என் கையைத்தான் பார்த்தார். தேறிவிட்டேன்.

சான்றிதழ்களுக்கு அத்தாட்சி என் தொழிலுக்குக் கேட்கவில்லை. ஆனால் என்னோடு வந்த, பொள்ளாச்சிப் பக்கம் டிப்ளமா படித்த நண்பருக்குக் கேட்டார்கள். சான்றிதழ் எந்த மாநிலத்தில் வாங்கியதோ அந்த மாநில அரசுதான் முதலில் அத்தாட்சி போட வேண்டும். அவருடைய எஸ்எஸ்எல்சிக்கு கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் அலுவலகம், டிப்ளமாவுக்குச் சென்னை. இரண்டு மாநிலத்துக்கும் இரண்டு தடவை நடந்தார். அதற்கு மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஏற்கிற அத்தாட்சி முத்திரை. 2022 டிசம்பரில் சவுதி அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டதால் தூதரக முத்திரை என்ற ஒரு படி குறைந்திருக்கிறது.

மெடிக்கல் கோழிக்கோட்டில். வளைகுடா வேலைக்கான இந்தப் பரிசோதனை ஏற்பாட்டை முன்னால் காம்கா என்பார்கள், இப்போது வாஃபித். ஆன்லைனில் 10 டாலர் கட்டிச் சீட்டு எடுத்து, அது காட்டுகிற சென்டருக்குப் போக வேண்டும். ரத்தம், சிறுநீர், கண், நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரேதான் எனக்குப் பயம். எப்போதோ வந்து ஆறிப்போன டிபி தழும்புக்குக்கூட அன்ஃபிட் போடுவார்கள். நான் எட்டு வருஷம் வார்னிஷ் புகையில் நின்றவன். அன்று இரவு ரயிலில் தூக்கம் வரவில்லை. மறுநாள் மாலை பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது ஃபிட் என்று வந்தது. முதலில் அம்மாவுக்குத்தான் போன் செய்தேன்.

ஒப்பந்தத்தை நானே இரண்டு முறை வாசித்தேன். தொழில் எலக்ட்ரீஷியன் என்று இருக்கிறதா, வாரம் 48 மணி நேரம்தானா, தங்குமிடம், திரும்பி வர டிக்கெட். இகாமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) கட்டணம், வொர்க் பெர்மிட் கட்டணம் எல்லாம் முதலாளி தலையில்தான் என்று சவுதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு சொல்கிறது. அதை நம் சம்பளத்தில் பிடிப்பதாக ஒப்பந்தத்தில் வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கைரேகை கொடுத்த பிறகு விசா வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கர் 2023 மே மாசத்தோடு நின்றுவிட்டது. இப்போது கியூஆர் கோடு போட்ட ஒரு தாள்தான். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். அதில் தன் பெயர் இருக்கிற இடத்தைக் காட்டச் சொன்னார். இசட், எச். விரலை வைத்துக் காட்டினேன்.

நெடும்பாசேரியில், கொச்சி விமான நிலையத்தில், இமிகிரேஷன் கவுண்டர். அதிகாரி விசாத் தாளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினார். அங்கே எந்த வரியும் இல்லை. முன்பக்கம் வந்து முத்திரை குத்திக் கொடுத்தார்.