போட்டிக்குப் படம் தயார் செய்தல்: பிரிவு முதல் பதிவேற்றம் வரை

கேமரா கிளப் போட்டிகளுக்கு நாங்கள் படம் தயாரிக்க உட்கார்ந்தால், முதல் வேலை விதிமுறைத் தாளை முழுக்கப் படிப்பதுதான். பிக்சல் அளவு, கோப்பின் எடை, பிரிவுகள் எல்லாம் கிளப்புக்கு கிளப் மாறும். நல்ல படங்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிரிவைத் தேர்ந்த பிறகே எடிட்டிங்கைத் தொட வேண்டும். இயற்கைப் பிரிவில் பல கிளப்புகள் பிஎஸ்ஏ (அமெரிக்கப் புகைப்படக் கழகம்), ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு) வைத்திருக்கும் வரையறையைப் பின்பற்றுகின்றன. அதன்படி படத்தில் எதையும் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. குமரி மாவட்டத்துத் தேரூர் குளத்தில் எடுத்த சங்குவளை நாரைக்குப் பின்னால் மின்கம்பி ஓடினால் குளோன் செய்து (பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மேலே ஒட்டி) அழிக்க முடியாது. ஓரத்தை வெட்டி (கிராப் செய்து) வெளியே தள்ளலாம், முடியாவிட்டால் அந்தப் படத்தை இந்தக் கட்டுப்பாடு இல்லாத ஓப்பன் பிரிவுக்கு மாற்றலாம். சென்சார் தூசியை நீக்குவதற்குத் தடையில்லை. தோவாளைப் பூக்களும் இயற்கைப் பிரிவில் சேராது, அவை பயிரிடப்பட்டவை. மோனோக்ரோம் (ஒற்றை வண்ண) பிரிவில் முழுப் படத்துக்கும் ஒரே வண்ணச் சாயல் கொடுக்கலாம். ஆனால் கறுப்பு வெள்ளையில் சூரியனை மட்டும் சிவப்பாக விட்டால் அது வண்ணப் படக் கணக்கில் போய்விடும்.

நம் கடற்கரைப் படங்களுக்கென்று சில தொல்லைகள் உண்டு. முட்டத்திலும் சங்குத்துறையிலும் நீண்ட எக்ஸ்போஷருக்காக (ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க) லென்ஸின் துளையை எஃப்/16 என்று சிறிதாக வைத்து எடுத்தால் சென்சாரில் ஒட்டிய ஒவ்வொரு தூசியும் வானத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை வரிசையாகப் பார்த்து நீக்குங்கள். கடல் விளிம்பு அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் பெரிய திரையில் கண்ணை உறுத்தும்.

சூரியோதயப் படங்களில் சிக்கல் சிவப்புச் சேனலில் (படத்தின் சிவப்பு வண்ணத் தகவலில்) இருக்கிறது. மொத்த ஹிஸ்டோகிராம் (இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) ஒழுங்காகத் தெரியும். சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அப்படியே அனுப்பினால் சூரியனைச் சுற்றி வண்ணம் மென்மையாக இறங்காமல் பட்டை பட்டையாக உடையும். சிவப்பு, ஆரஞ்சு வண்ணங்களின் சாச்சுரேஷனை (வண்ணச் செறிவை) குறைத்துப் பாருங்கள். வேலை முழுவதையும் வண்ணப் படிகள் அதிகமுள்ள 16 பிட்டில் செய்து, ஜேபெக் ஆக்கும்போது மட்டும் 8 பிட்டுக்கு வாருங்கள்.

அடுத்தது அளவு. அகலம் 1920, உயரம் 1080 பிக்சலுக்குள் என்று விதி சொன்னால் இரண்டுமே உச்சவரம்பு. 3:2 விகிதப் படத்தை 1920 அகலத்துக்கு மாற்றினால் உயரம் 1280 ஆகிவிடும், விதி மீறல். அது 1620×1080 ஆக இருக்க வேண்டும். நெடுக்குப் படம் 720×1080 தான், திரையில் கிடைமட்டப் படத்தின் பரப்பில் பாதிகூட வராது. அதனால் நெடுக்கில் அனுப்பும் படம் மாத்தூர் தொட்டிப் பாலத்துத் தூண்களைப் போலப் பெரிய, தெளிவான வடிவங்கள் உள்ளதாக இருப்பது நல்லது. நுணுக்கமான விவரத்தை நம்பி நிற்கும் படம் அங்கே எடுபடாது. லைட்ரூம் மென்பொருளின் எக்ஸ்போர்ட்டில் அகலம், உயரம் இரண்டையும் நிரப்புங்கள். டிபிஐ (அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண் எதுவாக இருந்தாலும் திரைக்கு ஒன்றுதான்.

ஷார்ப்பனிங்கை (விளிம்புகளைக் கூர்மையாக்குவதை) அளவு குறைத்த பிறகு செய்ய வேண்டும், அதன் ரேடியஸ் 0.3 முதல் 0.5 பிக்சல் வரை போதும். கூடினால் விவேகானந்தர் பாறையின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும். நடுவர் கண்ணில் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

வண்ண வெளி (கோப்பில் வண்ணங்களைக் குறிக்கும் முறை) எஸ்ஆர்ஜிபி. போட்டோஷாப்பில் ‘கன்வர்ட் டு புரொஃபைல்’ கொடுக்க வேண்டும். ‘அசைன்’ கொடுத்தால் எண்கள் மாறாமல் பெயர் மட்டும் மாறும், அடோபி ஆர்ஜிபியில் இருந்த படம் வெளிறிப் போகும். லேப்டாப்பின் வெளிச்சத்தை முழுதாக வைத்து எடிட் செய்த படம் புரொஜெக்டரில் இருண்டு விழும். அளவீட்டுக் கருவி இல்லாதவர்கள், திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அறை வெளிச்சத்தில் பிடித்த வெள்ளைத் தாளின் அளவுக்கே அதன் வெளிச்சத்தையும் இறக்கிக்கொள்ளலாம்.

கோப்பு 2 எம்பிக்குள் என்றால் போட்டோஷாப்பில் தரம் 10 பெரும்பாலும் பொருந்தும். அலை நுரையும் இலைகளும் நிறைந்த படம் எடை கூடும். அப்போது தரத்தை ஒரு படி இறக்குங்கள், பிக்சலில் கை வைக்காதீர்கள்.

படத்தின் மேல் பெயரோ வாட்டர்மார்க்கோ இருக்கக் கூடாது. கோப்புப் பெயர் கிளப் கேட்ட வரிசையில் இருக்கட்டும்: உறுப்பினர் எண், பிரிவு, தலைப்பு. விதி வேறு சொல்லாவிட்டால் ஆங்கில எழுத்தே பாதுகாப்பு, சில மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடைந்துவிடுகிறது. வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், போட்டோவாகப் போனால் சுருங்கிவிடும். ஐப்பசி மழையில் கரண்ட் போவது வழக்கம் என்பதால் கடைசி இரவு வரை வைத்திருக்க வேண்டாம்.

ஏற்றிய பின் அதே கோப்பைத் திரும்ப இறக்கி, பிக்சல் அளவையும் வண்ணத்தையும் சரிபாருங்கள். முடிவு வரும் வரை ராவ் கோப்பை (கேமரா பதிந்த மூலக் கோப்பை) அழிக்காதீர்கள். இயற்கைப் பிரிவில் பரிசு அறிவிக்கும் முன் அதைக் கேட்பதுண்டு.