தூசி இல்லை, டை

"தம்பி, இந்தத் தூசியையும் பாடணுமா?"

ஹட்டனில் இன்று பாடகர் குழுப் பயிற்சி. ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடும் அக்கா இசைத்தாளில் விரல் வைத்த இடத்தில் இருந்தது டை. ஒரே சுரத்தை இரண்டு முறை எழுதிக் கட்டும் வளைகோடு. ஒரே மூச்சில் இழுக்க வேண்டும்.

ஒரே பக்கத்தில் அடக்க நான் சுரங்களை நெருக்கியதில், அது கொழுந்து நுனி அளவுக்குச் சுருங்கிவிட்டது. அக்கா சுரத்தை இரண்டு தடவை பாடினார். தாளில் நெருக்கினால் மூச்சும் வெட்டுப்படுகிறது போல.

வீட்டுக்கு வந்து, இசைத்தாள் தயாரிக்கும் மென்பொருளான லில்லிபாண்டில் டையின் குறைந்தபட்ச நீளத்தை 4 ஆக்கினேன். சென்டிமீட்டர் இல்லை, சுரங்கள் எழுதும் ஐந்து கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் போல் 4 மடங்கு. வளைவை நீட்டச் சொன்னால் சுரங்களே தள்ளி உட்கார்ந்துகொள்கின்றன!

அப்புறம் பார்த்தால், பாட்டு இரண்டு பக்கமாகிவிட்டது. போட்டோகொப்பிக் காசை யார் தருவது?