எடிசனை விட்டு வந்த பிறகு முதல் பனி: லவ்லாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கொலராடோவின் லவ்லாந்து பனிச்சறுக்குத் தளத்திலிருந்து நானும் மகனும் நேற்று இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்பினோம். கெண்டைக்கால் இரண்டும் இன்னும் வலிக்கின்றன. ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் போனால் சந்தோஷமும் ஆறிவிடும், ஐ-70 நெடுஞ்சாலை மீதான கோபமும் ஆறிவிடும். போகும் வழி, வாடகை, சாப்பாடு, செலவு என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு சிறு முன்கதை. கணவருக்கு வேலை மாறியதால் மூன்று மாதத்துக்கு முன் நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து டென்வருக்கு வந்தோம். ஏறக்குறைய 1,800 மைல். தென்காசியிலிருந்து அமெரிக்கா வந்தபோதுகூட நான் இவ்வளவு கலங்கவில்லை. அப்போது வயது இருபத்தாறு. எடிசனில் பதினோரு ஆண்டுகள். ஓக் ட்ரீ ரோட்டில் கீரை வாங்கப் போனால் நான்கு பேராவது நின்று பேசுவார்கள். விசேஷ நாட்களில் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, காய்ச்சல் வந்தால் ரசம் கொண்டுவரும் பக்கத்து வீட்டு அக்கா. அத்தனையையும் ஒரு லாரியில் ஏற்றிவிட முடியாது. ஏற்றியதாவது ஒழுங்காக வந்ததா என்றால் அதுவும் இல்லை. சாமான் மூன்று வாரம் தாமதம். வந்து நின்ற ஓட்டுநர் இன்னும் 900 டாலர் கொடுத்தால்தான் கதவைத் திறப்பேன் என்றார். கொடுத்தோம், வேறு வழியில்லை. திறந்து பார்த்தால் கோயம்புத்தூர் கிரைண்டரின் கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அம்மா வாங்கிக் கொடுத்த கிரைண்டர்.

டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. முதல் வாரம் முழுக்கத் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே இல்லை. குக்கர் வந்து சேரும் வரை சாம்பார் கிடையாது. பதின்மூன்று வயது மகன் பள்ளியிலிருந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். எடிசன் நண்பர்களோடு கைப்பேசியில் பேசும்போது மட்டும் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்பைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பது எனக்குச் சங்கடமாக இருந்தது.

நானும் மகனும் ஐந்து குளிர்காலமாகப் பென்சில்வேனியாவின் போக்கோனோ மலையில் பனிச்சறுக்கு பழகியவர்கள். அங்கே பெரும்பாலும் டிசம்பருக்கு முன் பேச்சே கிடையாது. கொலராடோவில் கதை வேறு. அரபாஹோ பேசின், லவ்லாந்து ஆகிய இரண்டு சறுக்குத் தளங்களும் அக்டோபரிலேயே யார் முதலில் திறப்பது என்று ஆண்டுதோறும் போட்டி போடுகின்றன. வானத்தை நம்பி அவர்கள் உட்கார்ந்திருப்பதில்லை. இரவுக் காற்று குளிர்ந்து உலர்ந்ததும் தண்ணீரையும் அழுத்திய காற்றையும் சேர்த்துக் குழல்கள் வழியாகப் பீச்சுகிறார்கள். துளி தரையைத் தொடுமுன் உறைந்துவிடுகிறது. லவ்லாந்து திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. “ஒரே ஒரு சரிவுதான் திறந்திருக்கிறதாம், போகலாமா?” என்று மகனிடம் கேட்டேன். “எத்தனை மணிக்கு?” என்று கேட்டான். அறையிலிருந்து வெளியே வந்து கேட்டான்.

இப்போது வழி. வழிகாட்டிச் செயலியில் வெறுமனே லவ்லாந்து என்று போட்டுவிடாதீர்கள். டென்வருக்கு வடக்கே அதே பெயரில் ஒரு நகரம் இருக்கிறது. மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பனிச்சறுக்குத் தளம் டென்வருக்கு மேற்கே 53 மைல், ஐ-70 சாலையை ஒட்டியே. செப்டம்பர் முதல் மே வரை மாரிசனுக்கும் டாட்செரோவுக்கும் இடையே இந்தச் சாலையில் போகும் கார்களுக்கு டயர் விதி உண்டு: பள்ளம் குறைந்தது 3/16 அங்குலம் இருக்க வேண்டும். எங்கள் கார் டயர் நியூ ஜெர்சியில் நன்றாகவே தேய்ந்திருந்தது. நான்கு புது டயர். அதை இந்தப் பயணச் செலவில் சேர்க்க மாட்டேன், சேர்த்தால் மனம் ஆறாது.

வாடகைக் கடையைப் பற்றி மட்டும் ஆறவே மாட்டேன். பலகை, பூட்ஸ், கோல் எல்லாம் ஒருவருக்கு 38 டாலர் என்று நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றின் வாசலில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பில்லில் வரிக்கு முன்பே 112. ஹெல்மெட் தலைக்கு 12 டாலர் தனி என்பதை யாரும் சொல்லவில்லை. “சேதக் காப்பு” என்று தலைக்கு 6 டாலர் வேறு, கேட்காமலே போட்டிருந்தார்கள். கேட்டபோது, “எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்” என்றார் கல்லாவில் இருந்தவர். நான் எல்லோரும் இல்லை என்று சொல்லி, பின்னால் வரிசை முனகுவதைப் பொருட்படுத்தாமல் நின்று, சேதக் காப்பின் 12 டாலரை நீக்க வைத்தேன். லாரிக்காரரிடம் வாயடைத்து நின்ற அந்த ஆகஸ்ட் காலையும் அப்போது கூடவே நினைவுக்கு வந்தது. முந்தின நாளே டென்வர் நகருக்குள் எடுத்துவிடுங்கள். விலை குறைவு, காலையில் அவசரமும் இல்லை, இந்த வித்தைகளும் குறைவு.

லவ்லாந்து அடிவாரமே 10,800 அடி. தமிழ்நாட்டின் தொட்டபெட்டா உச்சி 8,650 அடி சொச்சம். அதைவிட இரண்டாயிரம் அடிக்கும் மேல். காரை விட்டு இறங்கி, பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நூறு தப்படி நடந்ததும் மூச்சு வாங்கியது. வண்டி நிறுத்தக் கட்டணம் கிடையாது. இதை நான் மெச்சியே ஆக வேண்டும், ஏனென்றால் பெரிய தளங்கள் பலவற்றில் காரை நிறுத்தவே தனியாகப் பணம் கேட்கிறார்கள். சுற்றிலும் மலை இன்னும் பழுப்பாகவே கிடந்தது. புல்லும் பாறையும் அப்படியே தெரிந்தன. நடுவில் மட்டும், துவைத்துக் காயப்போட்ட வேட்டி போல, ஒரே ஒரு வெள்ளைப் பட்டை. கேட்வாக், மேம்போ, ஹோம் ரன் என்று மூன்று தடங்களைக் கோத்து மேலிருந்து கீழ்வரை ஒரு மைலுக்குச் சற்று அதிகம். ஆயிரம் அடி இறக்கம். தொடக்கப் பருவத்தில் தேர்ந்தவரும் தடுமாறுபவரும் இந்த ஒரே பட்டையில் நெருக்கியடிப்பதால், இங்குள்ளவர்கள் இதற்கு “வெள்ளை மரண நாடா” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாகக் கற்பவர்கள் தயவுசெய்து இன்னும் சில வாரம் பொறுங்கள்.

நாற்காலி லிஃப்டில் ஏறினோம். பாதி வழியில் பனி பீச்சும் குழல் ஒன்றின் பக்கமாகப் போகிறது. காற்று திரும்பிய நொடியில் முகமெல்லாம் பொடிப்பொடியாகத் தெறித்தது. ஆனி மாதம் குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் முகத்தில் படுமே, சாரல், அதேதான். குளிர் மட்டும் பத்து மடங்கு. “சாரல்டா இது!” என்று கத்தினேன். மகன் நாக்கை நீட்டிப் பிடித்தான்.

கீழே லாரிகள் ஐசனோவர் சுரங்கத்துக்குள் ஒவ்வொன்றாக நுழைவது தெரிந்தது. 1973-இல் திறந்த அந்தச் சுரங்கம் இந்தச் சறுக்குத் தளத்துக்கு அடியிலேயே போகிறது. தலைக்கு மேலே தெரியும் முகடு கண்டத்தின் நீர்ப்பிரிமுகடு. இந்தப் பக்கம் விழும் பனி உருகிக் கிளியர் கிரீக் ஓடையாகி, அடுத்தடுத்த ஆறுகளில் கலந்து, கடைசியில் மிசிசிப்பியோடு மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. அந்தப் பக்கத்துப் பனி கொலராடோ ஆற்றுக்கு. எங்கள் ஊர் மலையும் அப்படித்தான்: இப்பக்கத்து மழை தாமிரபரணியாகி மன்னார் வளைகுடாவுக்கு, மறுபக்கத்து மழை கேரளம் வழியாக அரபிக்கடலுக்கு. மகனுக்கு இதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். காதில் மாட்டிய பாட்டுக் கருவியை அவன் கழற்றியிருந்தான்.

முதல் இறக்கத்தில் பயந்தேன். இயந்திரப் பனி கெட்டியாக இருக்கும், பலகையின் விளிம்பு சரியாகப் பிடிக்காது. விளிம்பை அழுத்தினால் தேங்காய் துருவுவது போல ஒரு கரகரப்பு கேட்கிறது. அந்த ஓசை நின்றுவிட்டால் வழுக்கப் போகிறோம் என்று அர்த்தம். ஆகவே அதையே கேட்டுக்கொண்டு இறங்கினேன். மூன்று மாதமாகத் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிப் பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு, பல் மருத்துவர், பிளந்த கல், ஒவ்வொரு ஞாயிறும் அழைத்து “பழகிவிட்டதா?” என்று கேட்கும் அம்மா. அந்தச் சரிவில் அவை எதற்கும் இடமில்லை. முன்னால் போகிறவரின் முதுகு, அடுத்த திருப்பம், இடது காலின் பாரம், அந்தக் கரகரப்பு. அவ்வளவுதான். கீழே வந்து நின்றபோது மார்பு படபடத்தது, கை சூடாக இருந்தது. மறுபடி ஏறினோம். மறுபடி. மொத்தம் பதினொரு முறை. லாரிக்காரரை அன்று மறுபடி நினைத்தது மாலை நெரிசலில்தான்.

மதியம் காரின் பின்கதவைத் திறந்து வைத்துப் புளியோதரை. நிறுத்துமிடம் முழுக்க அப்படித்தான் சாப்பிடுகிறார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடிக்கும்போது வானம் கறுத்து, உண்மையான பனி பத்து நிமிடம் விழுந்தது. என் கறுப்புக் கையுறையில் ஒரு செதில் வந்து உட்கார்ந்தது. ஆறு கிளை; ஒவ்வொரு கிளையிலும் பெரணி இலை போலப் பற்கள். பக்கத்திலேயே காலையில் ஒட்டிய இயந்திரப் பனி கிடந்தது. அது ஜவ்வரிசி போல உருண்டை. மூச்சுக் காற்று பட்டதும் செதில் மறைந்தது, உருண்டை கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. வெயிலையும் இத்தனை பேர் மிதியையும் அந்தப் பட்டை தாங்குவது இதனால்தான். லிஃப்ட் வரிசையில் திரும்பிப் பார்த்தால், மகன் தன் வயதுப் பையன் ஒருவனோடு பலகை நீளம் பற்றி வாதம் செய்துகொண்டிருந்தான். டென்வர் வந்த பிறகு அவனாகப் போய் ஒருவரிடம் பேசி நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

திரும்பும் வழியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல இயலாது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஐ-70 கிழக்குத் தடத்தில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். ஜார்ஜ்டவுன் வருவதற்கே ஒரு மணி நேரம். அங்கே சாலையோரப் பாறையில் பெருங்கொம்பு ஆடுகள் நான்கு நின்று எங்களைப் பார்த்தன. நின்ற காரிலிருந்து அவற்றை நிதானமாகப் பார்க்க முடிந்தது. விரைவுத் தடத்தில் போகலாம், ஆனால் சுங்கம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. அன்று காட்டிய தொகைக்கு எனக்கு மனம் வரவில்லை.

நெரிசல் வடியட்டும் என்று ஐடஹோ ஸ்பிரிங்ஸில் இறங்கியதுதான் நாளின் இரண்டாவது நல்ல முடிவு. 1859-இல் தங்கம் கிடைத்ததால் எழுந்த சிறு ஊர். அங்கே போ ஜோஸ் என்ற பீட்சா கடை. பீட்சாவைப் பவுண்டு கணக்கில் எடை சொல்லி வாங்க வேண்டும். விளிம்பு பின்னல் ஜடை போலத் தடித்து முறுக்கியிருக்கிறது. மேசை மேல் தேன் போத்தல் ஏன் என்று புரியாமல் பார்த்தேன். விளிம்பை மட்டும் மிச்சம் வைத்து, தேன் ஊற்றிக் கடைசியில் இனிப்பாகச் சாப்பிட வேண்டுமாம். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, அதில் தேன் ஊறி வழிகிறது. மலையில் தேன் சாப்பிடுவதை முருகனைக் கும்பிடுகிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இரண்டு பேருக்கு இரண்டு பவுண்டு அதிகம். மீதியைக் கட்டித் தந்தார்கள், இன்று காலை அதுதான் மகனுக்குச் சிற்றுண்டி. விலை குறைவென்று சொல்ல மாட்டேன். ஆனால் மதியம் புளியோதரையில் மிச்சம் பிடித்தது இங்கே ஈடாகிவிட்டது.

வரிசையாகச் சொல்கிறேன் என்று தொடங்கி விட்டுப்போனவை: டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள், ஜன்னலில் வாங்காதீர்கள். சிறுவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். எனக்கு மூன்று மணிக்கு வந்த தலைவலி உயரத்தால் வந்தது. சூரியத் தடுப்புக் களிம்பு மேகம் இருந்தாலும் வேண்டும். காலை ஆறு மணிக்குள் டென்வரை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

வரும் ஞாயிறு அரபாஹோ பேசின் போகிறோம். காரில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. டென்வரில் யாராவது இருந்தால் எழுதுங்கள். பெட்ரோலைப் பங்கிட்டுக்கொள்ளலாம், கையுறை உங்களுடையது, எலுமிச்சை சாதம் என் பொறுப்பு.